காந்தம் விழுந்த இடம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் பள்ளிக்கூடம் முடித்தன. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எண்கள் தெரியும், பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்குமேல் தெரியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சித்ரா எழுதுகிறாள்.

ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களே, போன மாதம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருத்தி கேட்டாள்: "கையிலேர்ந்து எது விழுந்தாலும் அந்த இடத்துல சாக்பீஸால வட்டம் போடச் சொல்றாங்கம்மா. சார் வந்து பாக்குற வரைக்கும் அழிக்கக் கூடாதாம். ஏன்னு கேட்டா, 'அது கன்னியம்மா ரூலு'ன்னு சிரிக்கிறாங்க. யாருக்கும் காரணம் தெரியலை."

அன்றைக்கு உங்களுக்குக் காபி கொடுத்து, பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். அந்தக் கன்னியம்மா நான்தான். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மில்லில் வேலை செய்த என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே போவேன். முதலில் பெருக்கித் துடைக்கும் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வராத ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். நூற்றுக்கும் மேல் கழுவி அடுக்கினேன், ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அன்றிலிருந்து அந்த வேலை எனக்கே வந்தது. பிறகு கருவிகள் இருக்கும் உள் அறையும் என் பொறுப்புக்கு வந்தது. நான்கு வருஷம் என் கையிலிருந்து ஒரு சாமான் விழுந்ததில்லை. "கன்னியம்மா கையில குடுத்தா சாமி கையில குடுத்த மாதிரி" என்று ஆய்வுக்கூடத்தின் தலைவரான பெரிய ஐயா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். இப்போது நினைத்தாலும் கொஞ்சம் நிமிர்கிறது, என்ன செய்வது.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் பட்டறை மேஸ்திரி. கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழும் அவர் வாயில் பாதி கன்னடமாகத்தான் வரும். உள் அறைக்குப் போகிற முதல் நாள் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"நோடம்மா, இரும்பு ஏதாச்சும் மேல இருக்கா?"

"தாலிக் கயிறுகூட இல்லாதவ நான், என்கிட்ட ஏது மேஸ்திரி இரும்பு?"

அவர் உள்ளே அழைத்துப் போனார். மேஜைமேல் லாடம் மாதிரி வளைந்த ஒரு பெரிய காந்தம் இருந்தது. மரப்பலகையில் குடைந்த பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் கொண்டையிலிருந்து ஊசிகள் இரண்டு பிடுங்கிக்கொண்டு போய் 'டக் டக்' என்று அதில் ஒட்டிக்கொண்டன. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனம்மா, இரும்பு இல்லைன்னே?" அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது கொண்டையை நூலால் கட்டுவேன். வேலை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தக் காந்தத்தில் வேலை செய்தவர் ஞானமுத்து. பெரிய ஐயாவிடம் ஆராய்ச்சி படிக்க வந்த பிள்ளை. கோலார் தங்கவயல்காரர். அப்பா பூமிக்குள் இறங்கிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர். அந்தச் சுரங்க லைன் வீடுகளிலிருந்து இவ்வளவு தூரம் படித்து வந்த முதல் ஆள் அவர்தான் என்று சொல்வார்கள். நான் 'சார்' என்று கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். "அக்கா, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் அடிப்பாங்க. தம்பின்னே சொல்லுங்க."

என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவர் நினைக்கவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பித்தளைப் பெட்டியைக் காட்டினார். அதற்குள் ஒரு பொட்டு மருந்து இருக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தெறித்து ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துகள்களுக்குள் மின்சாரம் இருக்கிறது. பெட்டியைக் காந்தத்தின் இரண்டு வாய்க்கும் நடுவில் வைத்தால், நேராக ஓட வேண்டிய துகள் வட்டமாகத் திரும்பி வந்து, பெட்டிக்குள் இருக்கும் போட்டோக் கண்ணாடியில் மோதும். மோதின இடத்தில் கறுப்பாகக் கோடு விழும்.

"மெதுவா ஓடுறது சின்ன வட்டம் போடும் அக்கா. வேகமா ஓடுறது பெரிய வட்டம். கோடு எங்க விழுந்திருக்குன்னு அளந்தா, அது எவ்ளோ வேகமா ஓடிச்சுன்னு சொல்லிடலாம்."

"காந்தம் அதைப் பிடிச்சு இழுக்குதா?"

"இழுக்காது. சும்மா நிக்கிற துகளைக் காந்தம் கண்டுக்கவே கண்டுக்காது. ஓடினாத்தான் பிடிக்கும். அப்பவும் வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. பக்கவாட்டுல திருப்பும், அவ்ளோதான்."

"நம்ம டிராபிக் போலீஸ் மாதிரி."

"அவரு லஞ்சம் வாங்குவாரு, இது வாங்காது" என்றார். அப்படிப் பேசுகிற பிள்ளை.

இரண்டு வருஷம் உழைத்தார். கண்ணாடிமேல் கண்ணாடி. சரியாக வராததைச் சுரண்டிக் கழுவி, திரும்பவும் உபயோகத்துக்குக் கொடுப்பது என் வேலை. கடைசியில் அவர் கணக்குப் பண்ணிய எண், வெளிநாட்டில் ஒரு பெரிய இடத்தில் கண்டுபிடித்திருந்த எண்ணோடு ஒத்துப்போனது. பெரிய ஐயா எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கட்டுரை எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பிறகு அவருக்கு டாக்டர் பட்டம் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் ஆயுத பூஜை என்றால் ஆய்வுக்கூடமும் பட்டறையும் ஒன்றுதான். எல்லாக் கருவியையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்போம். சின்னக் கருவிகளை நடு மேஜையில் கொலு மாதிரி அடுக்குவோம். அசைக்கக் கூடாததை இருந்த இடத்திலேயே வைத்துப் பொட்டு வைப்போம். காந்தத்தை அசைக்கக் கூடாது. மேஸ்திரி எனக்கு அதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தார்.

ஆனால் அந்த வருஷம் அதுதான் அந்த அறைக்கே பெருமை தேடிக் கொடுத்தது. மைசூர்பாகு தின்றது எதனால்? ஒரு ஸ்பானரும் திருப்புளியும் பூமாலையோடு மேஜையில் உட்கார்ந்திருக்க, அது மூலையில் கிடப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் மாவிலை கட்டப் போயிருந்தார்கள். பித்தளைப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன். காந்தத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். இரண்டு பிள்ளைகளை ஒன்றாகத் தூக்குகிற கனம். தூக்கக்கூடிய கனம்தான். நாலடி நடந்திருப்பேன். கையில் இருந்த சந்தனம் வழுக்கியது.

சிமெண்டுத் தரையில் விழுந்தது. கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஒருவரும் வரவில்லை.

உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். உடையவில்லை, விரிசல் இல்லை, பெயிண்டுகூட உதிரவில்லை. ஓர் ஆணியைக் கிட்டே காட்டினேன், முன்போலவே வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி தூக்கி அதே பள்ளத்தில் வைத்தேன். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டியையும் வைத்து, பொட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். உடையாததற்குச் சாமிக்கு நன்றி சொன்னேன். அவ்வளவு மூடத்தனம்.

நம் தொழிலில் சேர்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: கண்ணாடி உடைந்தால் எல்லாருக்கும் தெரியும். வெளியே ஒன்றுமே தெரியாமல் கெட்டுப்போகிற சாமான்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் காந்தம் அப்படிப்பட்டது. ஓர் அடி பட்டால் அதன் பலம் கொஞ்சம் இறங்கிவிடும். ஆணியைப் பிடிக்கும், ஊசியைப் பிடிக்கும். ஆனால் அந்தத் துகளைத் திருப்பும்போது முன்னைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக ஓட விட்டுவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பூஜை முடிந்த வாரம், கட்டுரையை அனுப்பும் முன் தன் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பெரிய ஐயா சொன்னார். ஞானமுத்து புதிதாகக் கண்ணாடி வைத்து எடுத்தார். கோடு வேறு இடத்தில் விழுந்திருந்தது. நகக்கண் அளவுதான். மறுநாள் இன்னொன்று எடுத்தார். அதே தப்பு. மூன்றாவதும் அப்படியே.

பெரிய ஐயா கத்துகிறவர் இல்லை. அவர் குரல் இறங்கினால்தான் பயம். அன்றைக்கு இறங்கியது.

"முன்ன எடுத்ததெல்லாம் புஸ்தகத்துல இருக்கிற நம்பரோட அச்சா ஒத்துப்போறது. என் முன்னாடி எடுத்தா ஒண்ணும் ஒத்துப்போகலை. எத்தனை கண்ணாடிப் பிளேட்டைச் சுரண்டச் சொன்னே ஞானமுத்து? ஒத்துப்போகாததையெல்லாமா?"

"இல்ல சார். வெளிச்சம் பட்டு மூட்டம் விழுந்ததைத்தான் சுரண்டச் சொன்னேன்."  அப்போதும் அவர் மூளை வேலை செய்துகொண்டேதான் இருந்தது. "சார், எல்லாக் கோடும் ஒரே பக்கமா, வெளிப்பக்கமா நகர்ந்திருக்கு. ஒரே விகிதத்துல. அப்படின்னா காந்தம் பலம் குறைஞ்சிருக்கணும் சார். அளந்து பாக்கலாம்."

"அளக்கிற கருவி ரிப்பேருக்குப் போயிருக்குன்னு உனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா ஒரே இடத்துல உக்காந்திருக்கிற காந்தம் பூஜை போட்டதும் இளைச்சுப் போயிடுமா?" என்றவர், கதவருகே துணியோடு நின்ற என் பக்கம் திரும்பினார். "கன்னியம்மா, நீ சொல்லு. பூஜையப்போ இதை யாராவது தொட்டாளா?"

ஞானமுத்து என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை. விடை தெரிந்துகொள்கிற ஆசையோடு பார்த்தார்.

இன்னும் இரண்டு மாதத்தில் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவளை ஒரு கண்ணாடிக் குழாய் உடைத்ததற்காக அனுப்பியிருந்தார்கள். வீட்டில் ஐந்து தட்டு. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் என்னைத் தடுத்தது இவை மட்டுமில்லை. 'சாமி கை' என்ற பேர். அது போய்விடுமே என்றிருந்தது.

"இல்லீங்க ஐயா. யாரும் தொடலை."

தெளிவாகச் சொன்னேன். பெரிய ஐயா தலையை ஆட்டினார். "கன்னியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கருவி வரட்டும் என்று அவர் காத்திருந்திருக்கலாம். என் சொல் இருந்ததால் காத்திருக்கவில்லை. பொய்க் கணக்குக் காட்டியதாகச் சொல்லி அன்றைக்கே ஞானமுத்துவின் பேரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை கணக்குப் போடும் தன் ஸ்லைடு ரூலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் என்னிடம், "வரேன் அக்கா. பிளேட்டை மூடுற அந்தக் கறுப்புத் துணியை மட்டும் வெயில்ல போடாதீங்க, சுருங்கிடும்" என்றார்.

ஒன்பது நாள் போயிற்று. சோறு தின்றேன், பிள்ளைகளுக்குத் தலை வாரினேன், அந்தக் காந்தத்தைத் தினமும் துடைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், சம்பளத்துக்கு அப்புறம் சொல்லலாம், அவராகவே திரும்பி வருவார் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் காலை மேஸ்திரியின் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"எஷ்டு எத்தரம்? எவ்ளோ உயரத்திலிருந்து?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"பூஜைக்கா?"

"ஆமாம்."

"பொட்டு வெச்சா போதும்னு சொன்னேனே அம்மா." திட்டியிருந்தால் தேவலை. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "நட" என்றார். பெரிய ஐயா அறைக்கு என்னோடு வந்து, நான் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

 பெரிய ஐயா வேறு இடத்திலிருந்து அளக்கும் கருவியை இரவல் வாங்கி வரச் செய்தார். மறுநாள் அளந்தார்கள். காந்தம் பலம் குறைந்திருந்தது. பூஜைக்குப் பின் எடுத்த கண்ணாடிகளுக்கு அந்தப் புது எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், முன் எடுத்தவை சொன்ன அதே விடை வந்தது. ஞானமுத்து இரண்டு தடவையும் சரியாகவே செய்திருந்தார். பெரிய ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் கடுதாசு எழுதறேன்" என்றார். "நான் நேர்ல போறேனுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறித் தங்கவயலுக்குப் போனேன். சாம்பல் நிறத்தில் மலை மலையாகச் சுரங்க மண் கொட்டிக் கிடந்தது. அதன் அடியில் தகரக் கூரை வரிசை. மூன்றாவது லைனில் வீடு. ஞானமுத்து இல்லை. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேச இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

"பெங்களூர்லேர்ந்தா வரீங்க? உக்காரும்மா. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். நான் வாங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னிக்கு விழுந்துச்சுன்னு உனக்குத் தெரியும். என்னிக்கு அவனை அனுப்பினாங்கன்னும் தெரியும்" என்றார். "எனக்கு நெஞ்சு போயிடுச்சுன்னு டாக்டர் எழுதிட்டாரு. என் இடத்துல வீட்டுல ஒருத்தன் சுரங்கத்துல இறங்கினாத்தான் கம்பெனி குடுத்த இந்த வீடு நிக்கும். இல்லேன்னா காலி பண்ணணும். அவன் படிக்கிறான், வேணாம், எங்கனா ஒண்டிக்கலாம்னுதான் இருந்தோம். படிப்பு போச்சுன்னு வந்து நின்னான். ஏழாம் நாள் கையெழுத்துப் போட்டுட்டான்."

நான் வாயைத் திறந்தது பத்தாம் நாள்.

அவர் சொம்பை என் முன்னால் வைத்தார். குடித்தேன். குடிக்காமல் இருக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

ஷிப்ட் முடிந்து ஞானமுத்து வந்தார். தலையில் தொப்பி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும் சிரித்தார். திரும்பவும் முழுசாகச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எவ்ளோ உயரம் அக்கா? சிமெண்டுத் தரையா?"

"இடுப்பு உயரம். சிமெண்டுதான்."

கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "அப்போ பழைய பிளேட்டெல்லாம் சரிதான்" என்றார். சுரங்கப் புழுதி படிந்த அந்த முகத்தில் ஒரு நிமிஷம் அவ்வளவு சந்தோஷம். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"ஐயா உங்களைத் திரும்ப வரச் சொன்னாரு தம்பி."

அவர் அப்பாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இப்ப முடியாதுக்கா. நான் விட்டா வீடு போயிடும்." பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "காந்தம் எதையும் நிறுத்தாதுக்கா. திருப்பி விடும், அவ்ளோதான். வேற பக்கம் ஓடிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

நல்ல மனசோடு சொன்னார். நான் அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளவில்லை. காந்தத்துக்கு வாய் கிடையாது. எனக்கு இருந்தது.

கட்டுரை அவர் பேரில்தான் வந்தது. பெரிய ஐயா அச்சான தாளை என்னிடமே கொடுத்து அனுப்பினார். ஞானமுத்து திரும்பி வரவேயில்லை. பதினோரு வருஷம் பூமிக்குள் இறங்கினார். அப்பாவுக்கு வந்த அதே இருமல் அவருக்கும் வந்தது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவிக்கு நான் யார் என்று தெரியாது. "பெங்களூர்லேர்ந்து வந்த அக்கா" என்று முன்வரிசையில் இடம் கொடுத்தாள்.

தங்கவயலிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை, உள் அறையில் காந்தம் விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். எனக்கு எழுதத் தெரியாதே, வேறெப்படிச் சொல்வேன்? பெரிய ஐயா பார்த்து, "என்ன இது?" என்றார். "விழுந்த இடமுங்க ஐயா" என்றேன். "அழிக்காதே" என்றார். என் நிரந்தரத்தை மூன்று வருஷம் தள்ளிப் போட்டார்கள், அது நியாயம். அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஏழு சாமான்கள் விழுந்தன. ஏழுக்கும் வட்டம் போட்டேன். எனக்கு அடுத்து வந்தவர்களையும் போட வைத்தேன். போட மாட்டேன் என்றவளோடு சண்டை போட்டேன்.

ஆகையால் பெண்களே, விழுந்தால் வட்டம் போடுங்கள். உடையாவிட்டாலும் போடுங்கள். உடையாவிட்டால் முதலில் போடுங்கள். 'கன்னியம்மா ரூல்' என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் அந்த ரூலுக்கு என் பேர் வேண்டாம். ஞானமுத்து ரூல் என்று சொல்லுங்கள்.

சித்ரா, போதும். இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு. 'இல்லீங்க ஐயா' என்று வருகிற இடத்தில் எனக்காகக் குரலைத் தாழ்த்திவிடாதே. அன்றைக்கு நான் தாழ்த்தவில்லை.